சில்வர் ஓக்கும் புது இழைப்புளியும்: கடிதம்

அன்புள்ள அண்ணா,

மரவேலையைப் பொழுதுபோக்காக ஆரம்பித்து ஆறு மாதம் ஆகிறது. அஸ்தம்பட்டி வீட்டு மொட்டைமாடிக் கொட்டகைதான் பட்டறை. சமீபத்தில் வாங்கியவை இவை: 4ஆம் நம்பர் அளவு இரும்பு இழைப்புளி; 6, 12, 18, 25 மில்லிமீட்டரில் நான்கு உளி; இரண்டு பக்கமும் பல் உள்ள ஜப்பான் வாள் (ரம்பம்); ஒரு பக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் நைஸ் என்று வரும் எண்ணெய்க்கல்; ஓமலூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் அடித்து வாங்கிய வாச்சி (மரம் செதுக்கும் கருவி). வாச்சி சேலம் பக்கத்துக் கஞ்சமலை இரும்பு என்று சொல்லிக் கொடுத்தார்கள்.

ஏற்காட்டில் சித்தப்பாவின் காபித் தோட்டத்தில் காற்றுக்கு விழுந்த சில்வர் ஓக்கை அறுத்து, ஒன்றரை அங்குலப் பலகைகளாகக் கொண்டுவந்து மூன்று மாதம் ஆகிறது. அதில் ஒரு சுவர் அலமாரி செய்ய ஆசை. ஆனால் இழைத்தால் பட்டை பட்டையாகப் பிய்கிறது. உளி தீட்டிய அன்றே மழுங்குகிறது. வாள் கோட்டை விட்டு ஓடுகிறது. வாச்சியின் பிடி ஆடுகிறது. தண்ணீரில் ஊறப்போட்டால் ஒரு வாரம் நிற்கிறது, பிறகு முன்னைவிட மோசம். 4ஆம் நம்பர் போதவில்லையா? 5ஆம் நம்பர் வாங்கலாமா?

ஒரு வாசகர், அஸ்தம்பட்டி

அன்புள்ள தம்பி,

5ஆம் நம்பர் இப்போது வேண்டாம். நீங்கள் வாங்கிய ஐந்தில் நான்கு இன்னும் கருவியாகவே ஆகவில்லை. கடையில் கிடைக்கும் இழைப்புளியும் உளியும் பாதி செய்த சாமான்கள். மீதிப் பாதி வாங்கியவர் வேலை. உங்கள் 4ஆம் நம்பரின் அமைப்பு லெனார்ட் பெய்லி என்ற அமெரிக்கருடையது. அவருடைய காப்புரிமைகளை ஸ்டான்லி கம்பெனி 1869இல் வாங்கியது. அதற்குப் பிறகு வடிவம் பெரிதாக மாறவில்லை. மலிவு இழைப்புளிகளில் குறைந்திருப்பது, அடிப்பாகத்தையும் தகட்டையும் தேய்த்து முடிக்கத் தொழிற்சாலை செலவிடும் நேரம்.

முதலில் கல். இருமுக எண்ணெய்க்கல்லின் நைஸ் பக்கம் என்பது பெரும்பாலும் 240, 320 நம்பர் உப்புத்தாளுக்குச் சமம். அருவாமனைக்கு அது போதும். உளிக்கு அது தொடக்கம்தான். அந்தப் பக்கத்தில் தீட்டி நிறுத்திய விளிம்பை உருப்பெருக்கியில் பாருங்கள், வாள் பல் மாதிரி இருக்கும். அந்தப் பற்கள் நாலு அடியில் ஒடிந்துவிடும். உளி அன்றே மழுங்குவதற்கு இதுதான் காரணம், எஃகைக் குறை சொல்ல வேண்டாம்.

புதுக் கல்லும் வாங்க வேண்டாம். கண்ணாடிக் கடையில் 10 மில்லிமீட்டர் தடிமனில், ஒரு அடிக்கு அரை அடி அளவில் ஒரு துண்டு வெட்டி வாங்குங்கள். ஓரத்தை உரசித் தரச் சொல்லுங்கள், இல்லையென்றால் கையைக் கிழிக்கும். தண்ணீர் விட்டுத் தேய்க்கும் எமரித்தாள் 400, 800, 1500, 2000 நம்பரில் இரண்டிரண்டு. தாளை நனைத்துக் கண்ணாடியில் ஒட்டவைத்தால் அப்படியே நிற்கும். கடைசியில் ஒரு மரக்கட்டையில் ஒட்டிய தோல் வாரும் அதில் தேய்க்கப் பாலிஷ் கட்டியும். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைக்காரர்களுக்குச் சாமான் விற்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள். பச்சைக் கட்டியாகக் கேளுங்கள். சிவப்புக் கட்டி தங்கம், வெள்ளிக்கு உரிய மென்மையான சாமான், எஃகில் மெதுவாகத்தான் அறுக்கும்.

தகட்டின் சரிவை விட்டுவிட்டு முதுகில் ஆரம்பியுங்கள். உளிக்கும் இழைப்புளித் தகட்டுக்கும் முதுகின் கடைசி 10 மில்லிமீட்டர் கண்ணாடிபோல மட்டமாக வேண்டும். புது உளியில் துரு பிடிக்காமல் அடித்த வார்னிஷ் இருக்கும். தின்னர் தொட்டுத் துடைத்துவிட்டுத் தேயுங்கள். இது ஒரே ஒரு தடவை செய்யும் வேலை, உளிக்கு அரை மணி நேரம் போகலாம். அடுத்து சரிவு: 25 டிகிரியில் சாணை, அதன் நுனியில் மட்டும் 30 டிகிரியில் தீட்டல். கோணம் கையில் நிற்காது என்றால், பக்கவாட்டில் பிடிக்கும் சின்னச் சக்கர வண்டி ஒன்று விற்கிறார்கள். அதில் இழைப்புளித் தகடு 38 மில்லிமீட்டர் வெளியே நீட்டினால் 30 டிகிரி, 50 நீட்டினால் 25. உளிக்கு இதே கோணங்கள் 30, 40 மில்லிமீட்டரில் வரும். ஒரு பலகையில் இந்த நான்கு அளவிலும் சின்னத் தடுப்புக் கட்டைகளை ஒட்டிவைத்தால் ஒவ்வொரு தடவையும் ஸ்கேல் தேட வேண்டியதில்லை.

400இல் தேய்க்கும்போது முதுகுப்பக்கம் விரலுக்குப் பிசிறு தட்டுப்பட வேண்டும், விளிம்பு முழுக்க. பிசிறு வராமல் 800க்குப் போனால் மழுங்கலையே பளபளப்பாக்குகிறீர்கள். கடைசியில் பேக்கிங் பெட்டி பைன் கட்டையின் வெட்டுமுனையைச் சீவிப் பாருங்கள். நொறுங்காமல் வழவழவென்று வந்தால் தீர்ந்தது. கை மயிரைச் சிரைத்துப் பார்க்கும் சோதனையில் எனக்கு நம்பிக்கை இல்லை, பிசிறு விளிம்பும் மயிரை எடுத்துவிடும்.

சாணைச் சக்கரத்தில் கொடுத்தால் பக்கத்திலேயே நில்லுங்கள். நுனி வைக்கோல் நிறம் தாண்டி நீலமானால் அந்த இடத்தில் பதம் போய்விட்டது. நீலம் ஏறிய அளவு முழுவதையும் தேய்த்து எடுத்தால்தான் உளி திரும்பக் கிடைக்கும்.

இனி இழைப்புளி. அடிப்பாகம் மட்டமா என்று பார்க்க, குறுக்கே பென்சிலால் கோடுகள் கிழித்து, கண்ணாடியில் ஒட்டிய 80 நம்பர் தாளில் நாலு இழுப்பு. தகட்டை உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள்; கழற்றிவிடாதீர்கள், அதைப் பிடித்து வைக்கும் மேல் அழுத்தி எப்போதும்போல இறுகியே இருக்கட்டும். அந்த இறுக்கத்தில் வார்ப்பிரும்பு உடல் மயிரிழை வளையும். வளைந்த நிலையில்தான் அது மட்டமாக இருக்க வேண்டும். முன்நுனி, வாயின் (தகடு எட்டிப் பார்க்கும் பிளவின்) முன்விளிம்பு, பின்நுனி என்று மூன்று இடத்தில் கோடு அழிந்தால் போதும். நடுவில் சின்னப் பள்ளம் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். வாய்க்கு முன்னால் பள்ளம் இருந்தால் மட்டும் விடாமல் தேயுங்கள், பிய்ப்பது அங்கேதான் தொடங்குகிறது.

பிய்ப்பதை நிறுத்துவது தகட்டின் மேல் திருகி வைத்திருக்கும் மூடித் தகடு. பலர் அதை வெறும் இறுக்கும் சாமான் என்று நினைத்து விளிம்பிலிருந்து 2 மில்லிமீட்டர் தள்ளி வைக்கிறார்கள். உங்களுடையதும் அங்கேதான் இருக்கும். அதன் வேலை, சீவல் எழுந்த உடனே அதை முன்னால் மடக்குவது. மடங்காத சீவல் நெம்புகோலாகித் தனக்கு முன்னால் இருக்கும் நாரைப் பிளந்துகொண்டு போகும். சாதாரண வேலைக்கு 1 மில்லிமீட்டர் சரி. பிய்கிற மரத்துக்கு 0.2 கிட்டே கொண்டுவாருங்கள். காகிதத் தாள் 0.1 மில்லிமீட்டர் என்று வைத்தால் இரண்டு தாள் தடிமன். வெளிச்சத்தில் பார்த்தால் தகட்டு முதுகு ஒரு நூலிழை மட்டும் மின்ன வேண்டும். முன்னதாக மூடித் தகட்டின் நுனியைக் கண்ணாடியில் தேய்த்து, தகட்டோடு சேர்த்தால் இடையில் வெளிச்சம் தெரியாதபடி செய்யுங்கள். இடைவெளி இருந்தால் சீவல் அதில் நுழைந்து அடைத்துக்கொள்ளும். மேல் முனையில் 50 டிகிரி ஒட்டி ஒரு சின்னச் சரிவும் தீட்டுங்கள்.

சரியாக அமைந்ததா என்பதைச் சீவலே சொல்லிவிடும். தூரத்தில் வைத்த மூடித் தகட்டில் சீவல் சுருள் சுருளாக வரும். கிட்டே வைத்ததில் நிமிர்ந்து, நாடா மாதிரி வாயிலிருந்து நேராக மேலே எழும். விசிறி மடிப்பாகக் கசங்கி வந்தால் அளவுக்கு மீறிக் கிட்டே வைத்துவிட்டீர்கள். இன்னொன்று, ஆழத்தைக் கூட்டிக் குறைக்கும் பித்தளைத் திருகில் எப்போதும் தளர்ச்சி உண்டு. ஆழத்தைக் குறைக்கப் பின்னால் திருப்பினால், பிறகு முன்பக்கமாகத் திருப்பித் தகட்டைத் தொடவைத்து நிறுத்துங்கள். இல்லையென்றால் நாலாவது இழுப்பில் தகடு தானாக உள்ளே போய்விடும்.

மரத்தின் பங்கும் இருக்கிறது. சில்வர் ஓக் ஓக்கே அல்ல. கிழக்கு ஆஸ்திரேலிய மரம், காபிக்கு நிழலாக நம் மலைக்கு வந்தது. மையத்திலிருந்து வெளியே ஓடும் ரேகைகள், ஆரப்போக்கில் (மையத்திலிருந்து பட்டையை நோக்கி) அறுத்த பலகையில் ஓக்கைப் போலப் பளபளக்கும் புள்ளிகளாகத் தெரியும். அந்தப் புள்ளிகள்தான் செதில் செதிலாகப் பெயர்பவை. இழைப்புளியைச் சற்றுச் சாய்த்துப் பிடித்து மெல்லிய சீவலாக எடுங்கள். மீதியை உடைந்த வாள் துண்டில் செய்த சுரண்டித் தகட்டால் முடிக்கலாம். நம் ஆசாரிகள் உடைந்த கண்ணாடிச் சில்லால் செய்வதும் இதே வேலைதான். இந்த மரத்தூள் சிலருக்குத் தோலில் தடிப்பும் அரிப்பும் கொண்டுவரும். முழுக்கைச் சட்டை போடுங்கள், வேலை முடிந்ததும் கை கழுவுங்கள்.

இதைவிடப் பெரிய விஷயம் ஈரம். ஒன்றரை அங்குலப் பலகைக்கு மூன்று மாதம் போதாது. அங்குலத்துக்கு ஒரு வருடம் என்ற பழைய கணக்கு மோசமில்லை. ஏற்காடு 1500 மீட்டர் உயரத்தில் மேகத்துக்குள் இருக்கும் ஊர். காற்றின் ஈரப்பதம் 85 சதவீதம் இருக்கும் இடத்தில் மரம் 18 சதவீத ஈரத்தோடு அமைதியாகிவிடும். கோடையில் சேலத்துக் காற்று 50க்கு இறங்கினால் அதே மரம் 9 சதவீதத்துக்கு வந்து நிற்கப் பார்க்கும். தொடுபோக்கில் (வளர் வளையங்களைத் தொட்டாற்போல) அறுத்த 200 மில்லிமீட்டர் அகலப் பலகை இந்த வித்தியாசத்தில் 4 மில்லிமீட்டர் ஒட்டிச் சுருங்கும். ஆரப்போக்கில் அறுத்தது அதில் ஏறக்குறைய பாதிதான். இப்போதே அலமாரி செய்தால் மே மாதம் மூட்டு மூட்டாக வாய் திறக்கும்.

பலகைகளை மாடி வெயிலில் போடாமல், கீழே காற்றோட்டமான நிழலில் அடுக்குங்கள். இடையில் ஒரு அங்குலச் சதுரச் சட்டங்கள், ஒன்றரை அடிக்கு ஒன்று, மேலும் கீழும் ஒரே நேர்கோட்டில். முனைகளில் மிச்சம் கிடக்கும் எனாமல் பெயிண்டைப் பூசுங்கள்; முனை வழியாகத்தான் ஈரம் வேகமாக ஓடும், அங்கேதான் வெடிக்கும். ஒரு சின்னத் துண்டைப் பலகையின் நடுவிலிருந்து வெட்டி எடுத்து எடை போடுங்கள். 103 டிகிரி செல்சியஸ் ஓவனில் எடை குறையாமல் நிற்கும்வரை காயவைத்து மறுபடி எடை. 120 கிராம் 100 ஆனால் பலகையின் ஈரம் 20 சதவீதம். 12க்குக் கீழே வந்த பிறகு அலமாரியைத் தொடுங்கள்.

வாளும் இதனால்தான் பாதி தடுமாறுகிறது. அதன் தகடு மெல்லிசு, ஈர மரம் கவ்விக்கொள்ளும். மீதிப் பாதி கை: அது இழுக்கும்போது மட்டும் அறுக்கும் வாள், தள்ளும்போது அழுத்தினால் தகடு நெளியும். பெரிய பல் நார் ஓட்டத்தோடு அறுக்க, சின்னப் பல் குறுக்கே அறுக்க. பல் நுனி கருநீலமாக இருந்தால் அது தனியாகக் கடினப்படுத்திய பல், அரம் ஏறாது. மழுங்கினால் தகட்டை மாற்றுவதுதான்.

உளிக்கு இரும்புச் சுத்தியல் வேண்டாம். புளிய மரத்தின் வைரம் பாய்ந்த கட்டையில் ஒரு கொட்டாப்புளி (மரச் சுத்தியல்) கடைந்துகொள்ளுங்கள். சில்வர் ஓக்குக்கு 30 டிகிரி முனை போதும். அதே உளியால் புளிய மரத்தைத் துளைக்கப் போனால் 35 வேண்டும், இல்லையென்றால் நுனி பொரிந்துவிடும்.

வாச்சிக்கு வருகிறேன். கஞ்சமலையில் இரும்புக்கல் உண்டு என்பது உண்மை. ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் 1830 வாக்கில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை வைத்தபோது சேலத்துக் கல்லை நம்பித்தான் வைத்தார். ஆனால் இன்றைக்குப் பட்டறையில் அடிப்பது பெரும்பாலும் லாரி ஸ்பிரிங் பட்டை. அதில் குறைவு ஒன்றுமில்லை. கார்பன் அரை சதவீதத்துக்குச் சற்று மேலே இருக்கும். உளி எஃகு அளவுக்குக் கூர் நிற்காது, ஆனால் அடிக்கு உடையாது, வாச்சிக்கு அதுதான் வேண்டும். துவைச்சல் (காய்ச்சி முக்கிக் கடினமாக்குவது) சரியா என்று அரத்தால் பாருங்கள். விளிம்பில் அரம் வழுக்கிப் போனால் அதிகக் கடினம், பொரியும். வெண்ணெய்போலக் கடித்தால் துவைச்சல் விழவில்லை, திரும்பக் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். முயன்றால் லேசாகக் கடிக்க வேண்டும். தீட்டுவது பிடியை நோக்கிய உள்பக்கச் சரிவை மட்டும். வெளிப்பக்கம் பிசிறு எடுப்பதோடு சரி.

பிடியைத் தண்ணீரில் போடுவது நம் ஊரில் எல்லோரும் செய்வது. ஊறிய மரம் பருக்கப் பார்க்கும், பிடி நுழையும் இரும்புக் கண் விடாது, நார் உள்ளேயே நசுங்கும். காய்ந்ததும் முன்பு இருந்ததைவிடச் சிறுத்துவிடும். நீங்கள் எழுதிய "முன்னைவிட மோசம்" அதுதான். நன்றாகக் காய்ந்த கருவேலத்தில் புதுப் பிடி செதுக்கி, கண்ணுக்குள் இறுக்கமாக இறக்கி, மேல்முனையில் வாளால் கீறிக் காய்ந்த மர ஆப்பு அடியுங்கள்.

எண்ணெய் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வாச்சியை ஏற்காட்டுக்கு எடுத்துப்போவீர்கள். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்து திட்டுத்திட்டாக நிற்கும். நல்லெண்ணெய் நாளானால் பிசினாகும். தையல் மெஷின் எண்ணெய் நாலு சொட்டு, பழைய பனியன் துணியில். தூளைத் தட்டிவிட்டுப் பூசுங்கள், மரத்தூள் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

5ஆம் நம்பர் 14 அங்குல நீளம். நீளப் பலகையின் மேடுபள்ளத்தை எடுக்க நல்லதுதான். பலகை 12 சதவீதத்துக்கு வரட்டும், அதற்குள் 4ஆம் நம்பரில் நாடா எழுந்திருக்கும், அப்போது எழுதுங்கள். வாச்சிப் பிடியை மட்டும் இந்த வாரமே மாற்றிவிடுங்கள். ஆடும் தலையோடு ஓங்க வேண்டாம்.