பதின்மூன்றாவது தேர்வு

அன்புள்ள அண்ணா,

எங்கள் ரொறொன்ரோ லீஃப்ஸ் ஐஸ் ஹொக்கி அணியின் நட்சத்திரம் மார்னர் 2025 கோடையில் வேகாஸ் அணிக்குப் போய்விட்டார். பதிலுக்கு வந்தவர் நிக்கொலா ருவா ஒருவர்தான். ஓர் அணி தன் ஆட்டக்காரர்கள் எல்லோருக்கும் சேர்த்துக் கொடுக்கக்கூடிய சம்பள உச்சவரம்பு 2025-26 சீசனுக்கு 95.5 மில்லியன் டொலராக ஏறியிருக்கிறது. கிடைத்த இடத்தை லீஃப்ஸ் ஒரே பெரிய ஆட்டக்காரருக்குக் கொடுப்பதா, மூன்று பேருக்குப் பிரிப்பதா? பின்வரிசை ஆட்டக்காரர் மோர்கன் ரைலியின் 7.5 மில்லியனையும் வேறொரு அணியிடம் இறக்கி வைத்தால் இன்னும் இடம் வரும். 2028இன் முதல் சுற்றுத் தேர்வையும், அதாவது புதிய பையன்களில் ஒருவனை முறைவைத்து எடுக்கும் உரிமையையும், சேர்த்துக் கொடுத்தால் யாராவது வாங்கிக்கொள்வார்கள். கொரோனாவில் உச்சவரம்பு உறைந்ததும், மாநில வருமான வரி இல்லாத புளோரிடா ஆட்டக்காரர்களை இழுத்ததும்தான் எங்களைக் கெடுத்தன என்று நினைக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

வி., ஸ்காபரோ

அன்புள்ள தம்பி,

"சேர்த்துக் கொடுத்தால்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். இரண்டு வாரமாக நானும் அதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

புளோரிடாவின் வரியை விடுங்கள். 2022இல் லீக்கின் ஸ்டான்லி கிண்ணம் தூக்கிய கொலராடோவிலும் மாநில வரி உண்டு. நாங்கள் அனுப்பிவைத்த நாசெம் கத்ரி அந்த அணியில்தான் இருந்தார். ரைலியை அவர் சம்மதமில்லாமல் எங்கும் அனுப்ப முடியாது, ஒப்பந்தத்திலேயே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கதை அங்கேயே முடிந்தது.

ஆனால் கொரோனாவின் மேல் பழி போடுகிறீர்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. உச்சவரம்பு 81.5 மில்லியனில் மூன்று சீசன் நின்றுபோனது உண்மை. நான் சொல்லப்போவது அதற்கு முன்னால் நடந்தது. 2019 ஜூன். கொரோனா என்ற பேரையே யாரும் கேட்டிராத நேரம்.

முன்வரிசை ஆட்டக்காரர் பற்றிக் மார்லோவை 2017 கோடையில் மூன்று ஆண்டுகளுக்கு எடுத்தார்கள், ஆண்டுக்கு 6.25 மில்லியன். அப்போது அவருக்கு வயது 37. அருமையான மனிதர். அப்போதைய இளம் நட்சத்திரங்கள் மத்தியூஸையும் மார்னரையும் தன் வீட்டுப் பிள்ளைகள் மாதிரி வைத்திருந்தார். அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. குறை மூன்றாவது ஆண்டில். 35 வயதைத் தாண்டியவரோடு போடும் அப்படியான ஒப்பந்தத்தில், அவர் ஓய்வு பெற்றாலும் சரி, பணம் கொடுத்து விலக்கினாலும் சரி, தொகை உச்சவரம்புக் கணக்கிலிருந்து இறங்காது. கையெழுத்து வைத்த அன்றைக்கே இது தெரிந்த விஷயம். 2019இல் மார்னருக்குப் புது ஒப்பந்தம் கொடுக்க இடம் போதவில்லை. மற்ற நட்சத்திரங்களான மத்தியூஸ், தவாரெஸ், நைலாண்டரோடு அவரையும் சேர்த்தால் நால்வருக்கு மட்டும் 40 மில்லியனுக்கு மேலே வந்தது, மொத்தத்தில் ஏறக்குறைய பாதி. அதனால் மார்லோவைக் கரோலைனாவிடம் தள்ளினார்கள். வாங்கிக்கொள்வதற்குக் கூலியாக 2020இன் முதல் சுற்றுத் தேர்வையும் கொடுத்தார்கள். கரோலைனா அவரை ஒரு நாள்கூட ஆடவிடவில்லை, பணத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டது. அவர்களுக்கு வேண்டியிருந்தது அந்தத் தேர்வுதான்.

நாளைக்கு வரவேண்டியதை இன்றைக்கே எடுத்த கதை எனக்கும் உண்டு. 1996இல் நான் ஒரு கழிவுச் சீட்டில் சேர்ந்திருந்தேன். இருபது பேர், மாதம் ஐந்நூறு, பத்தாயிரம் டொலர்ச் சீட்டு. வேலைக்குப் போக ஒரு வான் தேவைப்பட்டது. இரண்டாம் மாதமே மூவாயிரம் கழிவு கூறி எடுத்தேன், கையில் ஏழாயிரம் வந்தது. சீட்டுப் பிடித்த அக்கா கோடு போட்ட கொப்பியில் என் பேருக்குப் பக்கத்தில் 'எடுத்தவர்' என்று எழுதினார். அடுத்த குளிரில் வானின் எஞ்சின் போய்விட்டது. அதற்குப் பிறகும் மாதக் கடைசி ஞாயிறுகளில் ஐந்நூறை என்வலப்பில் போட்டுக்கொண்டு அந்த அப்பார்ட்மென்ட் படி ஏறினேன். கொப்பியைத் திறக்கும்போதெல்லாம் அந்த 'எடுத்தவர்' கண்ணில் படும். என்னோடு இரவு ஷிஃப்ட் செய்த ஒருவர் கடைசிச் சீட்டு வரைக்கும் பொறுத்திருந்தார். பத்தாயிரத்தையும் முழுசாக வாங்கி வீட்டுக்கு முற்பணம் கட்டினார்.

அந்த 2020 தேர்வு பதின்மூன்றாவதாக வந்தது. கரோலைனா எடுத்த பையன் செத் ஜார்விஸ். 2023-24இல் 33 கோல் அடித்தார். அந்த சீசனில் உச்சவரம்பில் அவர் கணக்கு ஒரு மில்லியனுக்கும் குறைவு, ஏனென்றால் புதிதாக வரும் பையனின் முதல் ஒப்பந்தம் அவ்வளவுதான். தம்பி, உச்சவரம்பு இருக்கும் விளையாட்டில் இதைவிடப் பெரிய சொத்து கிடையாது. நட்சத்திரங்களுக்குப் பாதியைக் கொடுத்துவிட்டு மிச்சப் பாதியில் இருபதுக்கு மேற்பட்டவர்களை வைத்திருக்க வேண்டுமென்றால், ஒரு மில்லியனுக்குக் கீழே 33 கோல் அடிக்கும் பையன்கள் வேண்டும். லீஃப்ஸ் அந்தத் தேர்வை வைத்திருந்தாலும் ஜார்விஸைத்தான் எடுத்திருப்பார்கள் என்று யாரும் சத்தியம் பண்ண முடியாது. சரி. ஆனால் எடுக்கும் இடத்தில் இருந்திருப்பார்கள். 2021இல் எங்கள் கையில் மொத்தமே மூன்று தேர்வுகள். அதில் முதலாவது, 57ஆம் இடத்தில், மத்தியூ நைஸ். இன்று நைஸ் இல்லாத லீஃப்ஸை உங்களால் நினைத்துப் பார்க்க முடிகிறதா?

ஜார்விஸைக் கொடுத்து வாங்கிய இடத்தில் மார்னரை உட்கார வைத்தோம். இப்போது மார்னரும் இல்லை.

இதையெல்லாம் கண்ணால் பார்த்த பிறகும் 2028ஐக் கொடுக்கச் சொல்கிறீர்கள். 2026இன் முதல் சுற்று பொஸ்டனுக்கும் 2027இனது பிலடெல்பியாவுக்கும் நிபந்தனைகளோடு 2025 மார்ச்சிலேயே கொடுத்தாகிவிட்டது. மிஞ்சியிருப்பதையும் கேட்க உங்களுக்கு எப்படி மனம் வந்தது? 2028இல் பதினெட்டு ஆகித் தேர்வுக்கு வரப்போகிற பையனுக்கு இப்போது பதினைந்து வயது. என் தங்கையின் மகனுக்கும் அதே வயது. சனிக்கிழமை விடியற்காலை ஆறு மணிக்கு அவனை அரீனாவில் இறக்கிவிடுவேன். பையைத் தோளில் தூக்க முடியாமல் இழுத்துக்கொண்டு போவான். போன வருடம் வாங்கிய ஸ்கேட் இந்த வருடம் காலுக்குள் போகவில்லை. அவன் லீஃப்ஸுக்கு ஆடப்போவதில்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் ஆடப்போகிற ஒருவன் இப்போது எங்கோ இதே மாதிரிப் பையை இழுத்துக்கொண்டு போகிறான்.

உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். மூன்று பேருக்குப் பிரிக்கட்டும், ஆனால் எவருக்கும் மூன்று ஆண்டுக்கு மேல் எழுதிக் கொடுக்க வேண்டாம். பணம் மிஞ்சினால் அணிகள் ஆட்களை மாற்றிக்கொள்ளும் பெப்ரவரி வரைக்கும் சும்மா கிடக்கட்டும். ரைலி இந்த சீசனும் இங்கேயே ஆடட்டும்.