கரடுமுரடான ஜப்பானிய மண் கோப்பைக்கு ஏன் இவ்வளவு விலை?

"பளபளப்பும் இல்லை, வட்டமும் சரியில்லை. ஒரு கோப்பைக்கு ஐயாயிரம், பத்தாயிரம் ரூபாய் என்கிறார்கள். 'ஆயிரம் வருடப் பாரம்பரியம்' என்ற பெயருக்குத்தான் இந்த விலையா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெயருக்கும் ஒரு பங்கு உண்டு, மறுக்கவில்லை. மீதி விறகுக்கும் மண்ணுக்கும் போகிறது, தேறாமல் போகிற பாண்டங்களின் நஷ்டத்துக்கும் போகிறது. இணையத்தில் ஒரு படத்தையும் அதன் கீழே விலையையும் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். என் சொந்தக்காரர்களும் இதையேதான் கேட்கிறார்கள், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் ஒகயாமா மாகாணத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். ஆக்கோ ரயில் பாதையில் போனால் இன்பே வரும், பிஸென் பாண்டங்களின் ஊர். அங்கே ஒரு சூளைக்காரர் குடும்பம் பழக்கம். சூளை எரிக்கும் நாட்களில் விறகு போட ஆள் தேவைப்படும், விடுப்பு கிடைத்தால் போய்விடுவேன். நான் குயவன் இல்லை, கலை விமர்சகனும் இல்லை. ஜப்பானில் எல்லாப் பாண்டமும் இப்படித்தான் என்றும் சொல்லவில்லை. அரிதா என்ற ஊரில் செய்வது வெள்ளை வெளேரென்ற பீங்கான், அதன் கதையே வேறு. நான் பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

முதலில் மண். இன்பே பக்கத்து வயல்களின் அடியில் ஹியோசே என்ற களிமண் கிடக்கிறது. ஒட்டும் தன்மை அதிகம், இரும்புச் சத்தும் அதிகம். தோண்டியதும் சக்கரத்தில் ஏற்ற முடியாது, வருடக்கணக்கில் போட்டுவைத்துப் பதப்படுத்த வேண்டும். சூட்டில் நிறையச் சுருங்கும் மண் இது. மேலே கிளேஸ் என்கிற கண்ணாடிப் பூச்சு கொடுத்தால் மண்ணோடு ஒத்துப்போகாது. சூட்டை வேகமாக ஏற்றினால் பாண்டம் வெடித்துவிடும். அதனால் பூச்சே இல்லாமல் பத்து நாள், இரண்டு வாரம் என்று மெதுவாக எரிக்கிறார்கள், 1200 டிகிரிக்கும் மேலே போகும் வரை. நீங்கள் குறையாகச் சொல்லும் அந்த மெருகின்மை மண்ணின் குணத்திலிருந்து வந்தது.

எரிப்பது சிவப்புப் பைன் விறகு. பைன் மரங்களை நோய் தாக்கி ஜப்பான் முழுக்கக் காடு காடாக அழித்திருக்கிறது. விறகின் விலையைச் சொல்லும்போது சென்செயின் (சூளைக்காரரை அப்படித்தான், 'ஆசான்' என்று கூப்பிடுவோம்) முகம் மாறும். ஒரு சூளைக்கு அடுக்கிவைத்திருக்கும் விறகைப் பார்த்தால் வீடு கட்டலாம் போலிருக்கும்.

பெரும்பாலும் எனக்கு இரவு முறைதான் வரும். சூளையின் வாயைத் திறந்து கட்டையைத் தள்ளி மூட வேண்டும். புகைபோக்கியில் கறுப்புப் புகை கிளம்பும், உள்ளே சுவாலை நீளும், அது அடங்கும் வரை காத்திருந்து அடுத்த கட்டை. அவசரப்பட்டால் சூடு ஏறாது, புகைதான் வரும். வெப்பமானி இருக்கிறது. இருந்தாலும் சென்செய் துவாரத்தின் வழியாகப் பாண்டங்களின் நிறத்தைப் பார்த்துவிட்டுத்தான் "இப்போது வேண்டாம்" என்றோ "ரெண்டு போடு" என்றோ சொல்வார். கடைசி நாட்களில் பக்கவாட்டுத் துளைகளில் மெல்லிய விறகுகளைச் செருகும்போது முகத்தை நேராகக் காட்டவே முடியாது. எழுபது வயது தாண்டிய அவர் என்னைவிட அதிக நேரம் அங்கே நிற்பார்.

எரித்து முடித்தால் சூளை ஆற ஒரு வாரம் போல ஆகும். திறந்த பிறகுதான் எது தேறியது என்று தெரியும். எரியும் வாய்க்குப் பக்கத்தில் இருந்தவற்றில் சாம்பல் விழுந்து உருகி, எள் தூவியது போன்ற புள்ளிகள் வந்திருக்கும். தணலில் புதைந்தவை சாம்பலும் நீலமும் கலந்த நிறத்தில் வரும். தீ நேரே படாத இடத்தில் வைக்கோல் சுற்றி வைத்தவற்றில் சிவப்புக் கோடுகள் ஓடியிருக்கும், வைக்கோலின் பொட்டாசியமும் மண்ணின் இரும்பும் சேர்ந்து செய்யும் வேலை அது. ஒரே கை, ஒரே மண், அடுக்கிய இடத்தால் விலை மாறுகிறது. விரிசல் விட்டவையும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டவையும் ஒரு ஓரத்தில் குவியும். அதன் பிறகும் சென்செயின் மனைவி ஒவ்வொன்றின் அடியையும் கல்லால் தேய்த்து, பூச்சாடிகளில் தண்ணீர் ஊற்றி வைத்துக் கசிகிறதா என்று பார்ப்பார். கசிந்தால் அது விற்பனைக்குப் போகாது.

அந்த அம்மாவைப் பற்றிச் சொல்லும்போது இதையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். இங்கே எனக்கு வாடகை வீடு பார்த்த காலத்தில் ஒரு வீட்டுத் தரகு அலுவலகத்தில் "உரிமையாளர் வெளிநாட்டவருக்குத் தர மாட்டார்" என்று சிரித்த முகத்தோடு திருப்பி அனுப்பினார்கள். சம்பளச் சீட்டு, விசா, கம்பெனிக் கடிதம் எல்லாம் கையில் இருந்தது, ஒன்றையும் வாங்கிப் பார்க்கவில்லை. அடுத்த இடத்திலும் அதே பதில். கடைசியில் இந்த அம்மாதான் தனக்குத் தெரிந்தவரிடம் பேசி வாடகைக்கு வீடு பிடித்துக் கொடுத்தார். வரி கட்டுகிற ஆளை முகத்தைப் பார்த்தே ஒதுக்குவது எந்த ஊரில் நடந்தாலும் அநியாயம்தான். அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

சரி, பாரம்பரியத்துக்கு வருகிறேன். பிஸென் மிகப் பழைய ஊர், உண்மை. 2017-இல் ஜப்பான் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த ஆறு பழைய சூளை ஊர்களில் இதுவும் ஒன்று. 16-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தேநீர்ச் சடங்கின் ஆசான்கள் இதைக் கொண்டாடினார்கள். ஆனால் அன்றைய பாணி இன்றுவரை அறுபடாமல் வந்தது என்று விற்கிறவர்கள் சொன்னால் நம்ப வேண்டாம். பிறகு தொழில் நன்றாகவே நொடித்துப் போயிருந்தது. பொம்மை வேலையில் பெயர் எடுத்திருந்த கனெஷிகே தோயோ என்ற இந்த ஊர்க் குயவர், அந்தத் தேநீர் ஆசான்களின் காலமான மொமொயாமா காலத்துப் பாண்டங்களைப் பார்த்துப் பார்த்து, அந்த மண்ணையும் எரிக்கும் முறையையும் மறுபடி கண்டுபிடித்தார். 1956-இல் அரசு அவரை 'வாழும் தேசியப் பொக்கிஷம்' என்று, கைவினைஞர்களுக்குத் தரும் பெரிய பட்டம் கொடுத்து அறிவித்தது. அவருக்குப் பிறகு இதே ஊரில் இன்னும் நான்கு பேர் அந்தப் பட்டம் பெற்றார்கள், கடைசியாக 2004-இல் இஸெசாகி ஜுன். ஒருவர் தேடிக் கண்டெடுத்ததால் என் கண்ணில் இதன் மதிப்பு கூடத்தான் செய்கிறது.

பழையதை அப்படியே திருப்பிச் செய்வதோடு எல்லோரும் நிற்கவில்லை. இஸெசாகியிடம் பயின்ற ககுரெஸாகி ர்யூய்ச்சி நாகசாகிக்காரர், வெளியூரிலிருந்து வந்தவர். மற்றவர்கள் ஒதுக்கிய மண்ணையும் எடுத்து, கூர்மையாக வெட்டிய வடிவங்களில் பாண்டம் செய்கிறார். கியோத்தோவில் யாகி கஸுவோ என்ற குயவர் 1954-லேயே தண்ணீர் கூட ஊற்ற முடியாத உருவத்தை மண்ணில் செய்து காட்டிவிட்டார். குவாதா தகுரோ என்பவர் மண்ணில் உள்ள கல் வெடித்துத் தெறிப்பதையும் பூச்சு சுருங்கி உருளுவதையும் பூதாகரமாக்கி, அடிக்கிற வண்ணங்களில் செய்கிறார். எனக்கு அவர் பாணி பிடிக்காது, ஆனால் அந்த வெடிப்பு ஜப்பானின் பழைய தேநீர்க் கிண்ணங்களில் ரசித்துப் பார்த்த ஒன்றுதான்.

"நம்ம ஊர் குயவர் செய்தால் பேரம் பேசுவாய், ஜப்பான்காரன் செய்தால் புகழ்வாயா" என்று யாராவது கேட்பீர்கள். நான் பேரம் பேசுவதில்லை. புதுச்சேரியில் 1971 முதல் இயங்கும் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கிய இருவரில் டெபோரா ஸ்மித் ஜப்பானில் தொழில் கற்றவர். அந்தப் புதுச்சேரிப் பட்டறையில் பயின்றவர்கள் செய்யும் பாண்டங்களையும் அவர்கள் சொன்ன விலைக்கே வாங்கியிருக்கிறேன்.

வாங்குவதென்றால் முதலில் பெரிய பெயர்களை விட்டுவிடுங்கள். இளம் கைவினைஞர் ஒருவரின் சாக்கே (அரிசி மது) கோப்பை சில ஆயிரம் யென்னில் கிடைக்கும். அக்டோபரில் இன்பேயில் நடக்கும் திருவிழாவில் ஊர் முழுக்கத் தெருவிலேயே கடை போடுவார்கள், விலையும் குறையும். கையில் எடுத்து எடை பாருங்கள், உதடு படும் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள், மேசையில் வைத்தால் ஆடுகிறதா என்று பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் தண்ணீரில் ஊறவைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள், நிறம் நன்றாகத் தெரியும், கறையும் எளிதில் பிடிக்காது. கழுவிய பிறகு ஈரத்தோடு அலமாரியில் அடைக்க வேண்டாம், வாடை வந்துவிடும்.