பள்ளிப் பிள்ளைகளின் சிறுநீரகம்: ஸ்கேன், ரத்தப் பரிசோதனை பற்றிய கேள்வி பதில்

கோபியிலிருந்து ஒரு அம்மா: ஆறாவது படிக்கும் மகனுக்குப் பள்ளி முகாமில் கிரியாட்டினின் 0.9 வந்தது. ரிப்போர்ட்டில் நார்மல் என்றே இருக்கிறது. விட்டுவிடலாமா டாக்டர்?

விடாதீர்கள் அம்மா. ரிப்போர்ட்டில் அச்சாகியிருப்பது பெரும்பாலும் பெரியவர்களுக்கான அளவு. கிரியாட்டினின் தசையிலிருந்து வந்து சிறுநீரகம் வழியாக வெளியேறும் கழிவு, தசை குறைந்த சின்னப் பையனுக்குக் குறைவாகத்தான் இருக்க வேண்டும். உயரத்தை 0.413-ஆல் பெருக்கி, வந்ததைக் கிரியாட்டினினால் வகுத்துப் பாருங்கள். சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும் திறன் ஏறக்குறைய தெரியும். 140 செ.மீ. பையன் என்றால் 64 வரும். 90-க்கு மேல் இருந்தால் நல்லது. ஒரே ரிப்போர்ட்டை வைத்துப் பயப்படவும் வேண்டாம். மறுபடி ரத்தம், கூடவே சிறுநீர், பிரஷர் பார்த்துக் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். இடையில் காய்ச்சல், வலி என்று மருந்துக்கடையில் கேட்டு வலி மாத்திரை கொடுக்காதீர்கள்.

பல்லடம் ஆசிரியர்: முகாமில் எல்லோருக்கும் ஸ்கேன் எடுக்கலாமா சார்?

பணம் இருந்தால் எடுங்கள். ஒற்றைச் சிறுநீரகம், வீக்கம், கல் எல்லாம் அதில் தெரியும். ஆனால் சிறுநீரில் புரதம் ஒழுகுவது தெரியாது. சிறுநீரகத்தின் திறன் பாதி போகும்வரை கிரியாட்டினினும் ஏறாமல் இருக்கலாம். அதனால் முதலில் சிறுநீரும் பிரஷரும்தான். ஜப்பானில் 1974 முதல் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிறுநீர்தான் பார்க்கிறார்கள். காலையில் எழுந்ததும் போகிற முதல் சிறுநீரைக் கொண்டுவரச் சொல்லுங்கள். பகலில் நடமாடும்போது மட்டும் புரதம் இறங்கும் பிள்ளைகள் உண்டு, அது நோயல்ல.

தாராபுரம்: ஸ்கேனுக்கு வெறும் வயிறா?

வேண்டாம். தண்ணீர் குடித்துவிட்டு, சிறுநீரை அடக்கிக்கொண்டு வரட்டும்.

அவிநாசி: எங்கள் போர் தண்ணீர் ஒரே உப்பு. பிள்ளைக்குக் கல் வருமா?
கோவை: நாங்கள் சிறுவாணி. எங்களுக்கு வராதுதானே?

சிறுவாணி குடிக்கிற பிள்ளைக்கும் கல் வரும். போர் தண்ணீரில் உள்ள உப்புதான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. தண்ணீர் குறைவாகக் குடிப்பது பெரிய காரணம். பள்ளிக் கழிப்பறைக்குப் போகப் பிடிக்காமல் காலையிலிருந்து சாயங்காலம்வரை பெண் பிள்ளைகள் ஒரு வாய் தண்ணீர் குடிப்பதில்லை. அடக்கி அடக்கிச் சிறுநீர்த் தொற்றும் வந்துவிடுகிறது. கழிப்பறையைச் சுத்தமாக வைத்தாலே பாதி வேலை முடியும்.

திருப்பூர்: அப்போ நொய்யல் சாயக்கழிவு ஒன்றும் செய்யாதா?

அப்படி நான் சொல்லவே இல்லைங்க. 2011-ல் உயர் நீதிமன்றமே சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன விஷயம் அது. சாயம் கலந்த கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கவே கூடாது. நான் சொன்னது வெறும் உப்புத் தண்ணீரைப் பற்றி.

நாமக்கல்: மகளுக்குக் கிரியாட்டினின் 0.8, நார்மலா?

முதல் பதிலைப் படியுங்கள். உயரம் சொல்லாமல் எண்ணை மட்டும் கேட்காதீர்கள், இனிமேல் பதில் தரமாட்டேன்.

பொள்ளாச்சி: கல்லுக்கு வாழைத்தண்டுச் சாறு?

பொரியலாகச் சாப்பிடட்டும், மருந்தாக நம்ப வேண்டாம்.

ஈரோடு: கபடி ஆடும் மகன் முட்டி வலிக்குத் தினமும் டைக்ளோஃபெனாக் போடுகிறான்.

இன்றைக்கே நிறுத்துங்கள். வியர்த்து நீர் வற்றிய உடம்பில் அந்த மாத்திரை சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். நாளைக் காலையில் எழுந்ததும் போகிற முதல் சிறுநீரோடு, கிரியாட்டினினும் பார்த்துவிடுங்கள்.