பிறபொருளெதிரி பாசிட்டிவ்: வேலையிடத்தில் தொற்றியதா?

இரத்தச் சோதனையில் கொரோனா பிறபொருளெதிரி (கிருமியை எதிர்க்க உடல் உருவாக்கும் புரதம், antibody) பாசிட்டிவ் என்று வந்திருக்கிறது, வேலையிடத்தில்தான் தொற்றியதா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த முடிவை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. பக்கத்து மெஷின் பிள்ளைக்குக் கொரோனா வந்தது உண்மைதான். ஆனால் நீங்கள் இரண்டு ஊசியும் சைனோபாம் என்று எழுதியிருக்கிறீர்கள். அது முழு வைரசையும் கொன்று செய்த ஊசி. அதனாலேயே பாசிட்டிவ் வரலாம்.

ரிப்போட்டை எடுத்து ‘ஸ்பைக்’ (வைரசின் வெளிப்புற முள் புரதம்) என்றிருக்கிறதா, ‘நியூக்ளியோகப்சிட்’ (வைரசின் உள்ளே இருக்கும் புரதம்) என்றிருக்கிறதா பாருங்கள். பைசர், கோவிஷீல்ட் ஊசிகளில் ஸ்பைக் மட்டும்தான் சம்பந்தப்படுகிறது; அதனால் அவற்றைப் போட்டவர்களுக்கு நியூக்ளியோகப்சிட் பாசிட்டிவ் என்றால் எப்போதோ தொற்றியிருக்கிறது. சைனோபாமில் முழு வைரசும் இருப்பதால் இரண்டுமே பாசிட்டிவ் வரலாம், அதற்கு இந்த வழி உதவாது.

எங்கே, எந்த நாளில் தொற்றியது என்பதை எந்த இரத்தச் சோதனையும் காட்டாது. கிளிநொச்சி கார்மன்ட்ஸ் பஸ்ஸில் நெருங்கி நின்றபோதும் தொற்றியிருக்கலாம்.

இப்போது இருமல், காய்ச்சல் இருந்தால் மூக்கில் அன்டிஜன் சோதனை (இப்போது வைரஸ் இருக்கிறதா என்று பார்ப்பது) எடுங்கள். சரி, பாசிட்டிவ்தானே என்று மாஸ்க்கைக் கழற்றிவிடாதீர்கள், திரும்பவும் தொற்றலாம்.