பதக்கம் வாங்கியவர் பெயர் எங்கே?

அரசுப் பல்கலைக்கழகங்கள் ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கைகளை வீட்டில் இருப்பவர்களும் வாங்கிப் படிக்க வேண்டும் என்று சென்ற மாதம் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த முறை பதில் சொல்கிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை: நான் புள்ளியியல் பேராசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில், ஐ.க்யூ.ஏ.சி. என்று எல்லோரும் சொல்லும் அகத்தர உறுதி மையத்தில் 11 ஆண்டுகள் உட்கார்ந்து, துறை துறையாகப் போய் ஆண்டறிக்கைக்கான கணக்கைச் சேர்த்திருக்கிறேன்.

என் மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ படிக்கிறாள். எங்கள் வீட்டில் அவள்தான் முதலில் கல்லூரிக்குப் போகப்போகிறவள். எந்தப் பல்கலைக்கழகத்தின் விளம்பரத்தைப் பார்த்தாலும் முன்னேற்றம், சாதனை என்றுதான் இருக்கிறது. எதை நம்புவது?
— அறந்தாங்கி வாசகர்

விளம்பரத்தை மடித்து வைத்துவிடுங்கள். மத்தியக் கல்வி அமைச்சகத்தின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் ஒவ்வொரு கல்வி நிறுவனமும் தான் கொடுத்த தரவை இணையதளத்தில் எல்லோரும் பார்க்கும்படி வைக்க வேண்டும். சில பக்கங்கள் கொண்ட அட்டவணைதான். மகளை உட்காரவைத்து இரண்டு பேரும் சேர்ந்து பாருங்கள். எண் தெரிந்தால் போதும், பெரிய படிப்பு எதுவும் தேவையில்லை.

அதில் முதலில் பார்க்க வேண்டியது, ஓர் ஆண்டில் முதலாண்டுக்கு எத்தனை பேர் சேர்ந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் குறித்த காலத்திலேயே பட்டம் வாங்கினார்கள் என்ற இரண்டு எண்கள். 100 பேர் சேர்ந்து 60 பேர்தான் நேரத்துக்கு வெளியே வந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி 40 பேர் எங்கே? சிலர் அரியரோடு நிற்பார்கள். சிலர் பாதியில் வேலைக்குப் போயிருப்பார்கள், சில பெண் பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆகியிருக்கும். முதலாண்டில் ஆங்கிலத்தில் பாடம் புரியாமல் திணறும் பிள்ளையை அந்த வளாகம் கைதூக்கி விடுகிறதா என்பதை இந்த இரண்டு எண்கள் காட்டுகிற அளவுக்கு வேறு எதுவும் காட்டுவதில்லை. உங்கள் வீட்டுக்கு இதுதான் முக்கியம்.

அதே அட்டவணையில் இன்னொரு பகுதி உண்டு. மொத்த மாணவர்களில் ஆண்கள் எத்தனை, பெண்கள் எத்தனை, பொருளாதாரத்தில் பின்தங்கியவர்கள் எத்தனை, சமூகத்தில் பின்தங்கியவர்கள் எத்தனை, முழுக் கல்விக் கட்டணத்தையும் அரசு திருப்பித் தருவது எத்தனை பேருக்கு என்று இருக்கும். உங்கள் மகளைப் போன்ற பிள்ளைகள் அங்கே ஏற்கெனவே நிறையப் பேர் படிக்கிறார்களா என்பதை இதில் பார்த்துவிடலாம்.

வேலைவாய்ப்பில் ‘மீடியன் சம்பளம்’ என்று ஒன்று போட்டிருப்பார்கள். வேலை கிடைத்த எல்லோரையும் சம்பள வரிசையில் நிறுத்தினால் நட்டநடுவில் நிற்கிறவர் வாங்குவது அது. பேனரில் படத்தோடு போடுவது அந்த வரிசையில் எல்லோரையும்விட அதிகம் வாங்கும் ஒரே ஒருவருடைய சம்பளம். நடுவில் நிற்கிறவரைப் பாருங்கள். வேலை கிடைத்தவர்களை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு அது என்பதையும் மறக்க வேண்டாம். அதனால் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

அப்புறம், கட்டணம். 6ஆம் வகுப்பிலிருந்து 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2021 முதல் இருக்கிறது. அதில் சேருகிறவர்களின் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் தமிழக அரசே கட்டுகிறது. கலை, அறிவியல் படிப்பில் சேர்ந்தாலும் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றிதழையும் முதல் பட்டதாரிச் சான்றிதழையும் இப்போதே வாங்கி வையுங்கள். கலந்தாய்வு நேரத்தில் தாலுகா ஆபீஸில் கூட்டம் அலைமோதும்.

நாக் என்கிறார்கள், என்.ஐ.ஆர்.எஃப். என்கிறார்கள். இரண்டும் ஒன்றா?
— ராசிபுரம் வாசகி

இல்லை. நாக் என்பது உயர்கல்வி நிறுவனங்களுக்குத் தரச்சான்று கொடுக்கும் தேசிய அமைப்பு. 1994-இல் தொடங்கியது, பெங்களூரில் இருக்கிறது. ஒரு நிறுவனத்தை ஏழு அளவுகோல்களில் பார்த்து ஏ, ஏ பிளஸ் என்று தரம் கொடுத்து வந்திருக்கிறது. அந்தத் தரம் சில ஆண்டுகளுக்குச் செல்லும். நடுவில் ஒவ்வோர் ஆண்டும் நிறுவனம் தரப்படுத்திய அறிக்கை ஒன்றை அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். என்.ஐ.ஆர்.எஃப். 2016 முதல் ஆண்டுக்கொரு முறை வரும் வரிசை. நாக் தருவதைப் பரீட்சையில் வாங்கும் கிரேடு என்று வைத்துக்கொண்டால், இது வகுப்பில் எத்தனையாவது ரேங்க் என்பது.

அண்ணா பல்கலைக்கழகம் 2024 தரவரிசையில் மாநில அரசுப் பல்கலைக்கழகங்களில் முதலிடம். 2025-இல் இரண்டாமிடத்துக்கு வந்துவிட்டது. நான் கிண்டியில் படித்தவன். மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. இது சறுக்கல்தானே?
— குரோம்பேட்டை வாசகர்

உங்கள் வருத்தம் புரிகிறது. படித்த இடத்தின் மேல் உள்ள பாசம் அப்படித்தான். ஆனால் மாநில அரசுப் பல்கலைக்கழகங்களுக்கென்று தனிப்பட்டியல் போட்டதே 2024-இல்தான். அந்த ஆண்டு அண்ணா முதலில், கொல்கத்தாவின் ஜாதவ்பூர் இரண்டாவது. அடுத்த ஆண்டு இரண்டும் இடம் மாறின. ஓரிடம் இறங்கியதை வைத்து அந்த ஆண்டு வளாகத்தில் படிப்பு குறைந்துவிட்டது என்று சொல்ல முடியாது. இன்னொருவர் ஒரு படி நன்றாகச் செய்தாலும் நம் இடம் மாறும். இந்த மதிப்பெண்ணில் கற்பித்தலுக்கும் ஆய்வுக்கும் தலா 30 சதவீதம், பட்டம் பெறுவோரின் நிலைக்கு 20. பெண்கள், ஏழைகள் எத்தனை பேர் படிக்கிறார்கள், மாற்றுத்திறனாளிகளுக்கு வசதி இருக்கிறதா என்பது போன்றவற்றுக்கு 10. மற்றவர்கள் அந்த நிறுவனத்தைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதற்கும் 10! ஒரு வளாகத்தைப் பற்றிய நினைப்புக்கும், அது யாருக்குக் கதவு திறந்துவிட்டது என்பதற்கும் ஒரே எடை கொடுத்திருப்பதை என்னால் இன்றுவரை ஏற்றுக்கொள்ள முடியவில்லை. கதவு திறப்பதற்கு இரட்டிப்பு எடை வேண்டும் என்பேன்.

நீங்கள் கிண்டியில் படித்தவர் என்பதால் உங்கள் பொறியியல் கல்லூரியின் கதை ஒன்றையே சொல்கிறேன். 1940-இல் ஏ. லலிதா என்ற பெண் அங்கே மின் பொறியியலில் சேர்ந்தார். பதினைந்து வயதில் திருமணம், பதினெட்டில் கணவர் இறந்துவிட்டார். கையில் நான்கு மாதப் பெண் குழந்தை. அப்பா பப்பு சுப்பாராவ் அதே கல்லூரியில் பேராசிரியர். அதுவரை ஆண்கள் மட்டுமே படித்த இடத்தில் தன் மகளுக்காகப் போய் அனுமதி கேட்டு வாங்கினார். அடுத்து பி.கே. திரேசியா, லீலாம்மா ஜார்ஜ் என்று இரண்டு பெண்கள் சிவில் பிரிவில் வந்து சேர்ந்தார்கள். படிப்பு முடிந்தபோது, அன்று பட்டம் கொடுத்த சென்னைப் பல்கலைக்கழகத்தின் சான்றிதழில் ‘அவன்’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்தான் அச்சாகியிருந்தது. அதை அடித்துவிட்டு ‘அவள்’ என்று கையால் எழுதிக் கொடுத்தார்கள். அந்த ஆண்டில் ஒரு பல்கலைக்கழகம் அடைந்த முன்னேற்றம் என்ன என்று என்னைக் கேட்டால், அந்தப் பேனாக் கோட்டைத்தான் காட்டுவேன். லலிதா பின்னாளில் பக்ரா நங்கல் அணையின் மின்சார வேலைகளில் பங்கெடுத்தார். 1964-இல் நியூயார்க்கில் நடந்த பெண் பொறியாளர்கள், விஞ்ஞானிகளின் முதல் சர்வதேச மாநாட்டுக்குப் போனார். திரேசியா கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார்.

உங்கள் ஊரான குரோம்பேட்டையில் இருக்கும் எம்.ஐ.டி., அதாவது இன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் ஒரு வளாகமாக இருக்கும் பொறியியல் கல்லூரி, அதற்கும் ஒரு கதை இருக்கிறது. 2009 ஏப்ரல் 20, திங்கட்கிழமை காலை, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி-12 கிளம்பியபோது அதில் அனுசாட் என்ற 40 கிலோ செயற்கைக்கோள் போனது. இந்தியாவில் ஒரு பல்கலைக்கழகம் உருவாக்கிய முதல் செயற்கைக்கோள் அது. இஸ்ரோவின் வழிகாட்டுதலில் அண்ணா பல்கலைக்கழக ஆசிரியர்களும் மாணவர்களும் பல ஆண்டுகள் உழைத்துச் செய்தது. ஓரிடத்தில் செய்தியை வாங்கி வைத்துக்கொண்டு, சுற்றிப் போய் இன்னோரிடத்தில் கொடுப்பது அதன் வேலை. ‘செயற்கைக்கோள் செலுத்தப்பட்டது’ என்று அந்த ஆண்டின் அறிக்கையில் ஒரு வரியில் முடிந்துவிடும். அதற்கு முந்தைய அத்தனை ஆண்டுகளில் ராத்திரி லேபில் உட்கார்ந்து சாலிடரிங் செய்து, அது சரியாக வராமல் திரும்பச் செய்து, அனுசாட் விண்ணுக்குப் போவதற்கு முன்பே படிப்பு முடிந்து வெளியேறிய மாணவர்களை அந்த ஒரு வரியில் எப்படி அடக்குவது? ஆண்டுக் கணக்கு என்பதில் எனக்கு எப்போதும் இருக்கும் குறை இதுதான். நல்ல வேலைகள் ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிவதில்லை.

அதே எம்.ஐ.டி.யில் அப்துல் கலாம் சேர்ந்தபோது கட்டணம் கட்ட வீட்டில் பணம் இல்லை. அக்கா ஜோஹரா தன் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். மேலே அறந்தாங்கி வாசகருக்கு எழுதிய 7.5 சதவீதப் பத்தியை எழுதும்போது அந்த வளையல்தான் என் நினைவில் இருந்தது.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் யாழ்ப்பாணத்தார் என்பது உண்மையா?
— கொழும்பு வாசகர்

உண்மைதான். பல்கலைக்கழகம் 1857 செப்டம்பர் 5-இல் தொடங்கியது. அடுத்த ஆண்டே பி.ஏ. பட்டம் பெற்ற இருவர் சி.வை. தாமோதரம் பிள்ளையும் கரோல் விசுவநாத பிள்ளையும். இருவரும் யாழ்ப்பாணத்தார். தாமோதரம் பிள்ளை பிறகு தொல்காப்பியம், கலித்தொகை போன்ற பழைய நூல்களை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தவர். ஒரு பல்கலைக்கழகத்தின் முதல் ஆண்டுக் கணக்கில் பட்டதாரிகள் இரண்டே பேர். அந்த இரண்டு பேரில் ஒருவர் தமிழுக்குச் செய்து கொடுத்ததைப் பாருங்கள்.

மேடம், நான் எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டு. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான தடகளப் போட்டியில் வெண்கலம் வாங்கினேன். ஆண்டறிக்கையில் என் பெயர் இல்லை. என்னைவிடச் சின்னப் போட்டிகளில் ஜெயித்தவர்கள் பெயர் இருக்கிறது. யாரிடம் போய்ச் சொல்வது?
— விழுப்புரம் மாணவி

இந்தக் கடிதத்தை மூன்று முறை படித்தேன், அம்மா. உங்களுக்கு முதலில் என் பாராட்டு. உங்கள் பெயர் விட்டுப்போனது எப்படி நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். நானே அப்படி ஒரு பெயரை விட்டிருக்கிறேன்.

நான் வேலை பார்த்த இடத்தில் ஓர் ஆண்டு, கபடி அணியில் ஆடிய ஒரு மாணவி தேசிய அளவில் பதக்கம் வாங்கியிருந்தாள். உடற்கல்வித் துறையிலிருந்து எங்களுக்குப் படிவம் வந்தபோது சான்றிதழ் நகல் இணைக்கப்படவில்லை. நாக் அறிக்கையில் ஐந்தாவது அளவுகோல் மாணவர் முன்னேற்றம். அதில் ஒவ்வொரு பதக்கத்துக்கும் ஆவணம் வேண்டும், இல்லையென்றால் கணக்கில் சேராது. துறைக்கு ஒரு நினைவூட்டுக் கடிதம் அனுப்பினேன். பதில் வரவில்லை. கடைசித் தேதி வந்துவிட்டது, அந்த வரியை எடுத்துவிட்டேன். நான்கு மாதம் கழித்து நூலக வாசலில் அவளைப் பார்த்துக் கேட்டபோது, “சான்றிதழ் ஊர்ல இருக்கு மேடம், அம்மா பெட்டியில வெச்சிருக்காங்க. யாரும் கேக்கலியே” என்றாள். கேட்டிருக்க வேண்டியவள் நான். விடுதிக்கு ஓர் எட்டு நடந்து போயிருந்தால் முடிந்திருக்கும் வேலை.

அதற்குப் பிறகு நான் ஒன்றைக் கவனிக்க ஆரம்பித்தேன். வீட்டில் படித்தவர்கள் இருக்கும் பிள்ளைகள் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வந்துவிடுவார்கள். முதல் தலைமுறைப் பிள்ளைகள் வருவதில்லை. நாமாகப் போய்ச் சொல்வது தற்பெருமை என்று நினைக்கிறார்கள். நெட் தேர்ச்சி, கேட் மதிப்பெண், டி.என்.பி.எஸ்.சி. வேலை எதையுமே துறைக்குச் சொல்லாமல் ஊருக்குப் போய்விடுவார்கள். அதனால் அறிக்கையில் தெரியும் சாதனை ஒரு பக்கம் சாய்ந்தே இருக்கும். அடுத்த ஆண்டு முதல் செமஸ்டர் முடிவில் விடுதி அறைகளுக்கே ஆள் அனுப்பினோம். பட்டியல் பெரிதாகி, தட்டச்சு செய்கிறவர் இன்னொருவரையும் துணைக்குக் கேட்டார்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. சான்றிதழ் நகல், போட்டி நடந்த தேதி, நடத்திய பல்கலைக்கழகத்தின் பெயர் மூன்றையும் இணைத்து ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். துறைத்தலைவர் வழியாக ஐ.க்யூ.ஏ.சி. ஒருங்கிணைப்பாளருக்கு ஒன்று, உடற்கல்வி இயக்குநருக்கு ஒன்று. கொடுத்ததற்கு அலுவலகத்தில் முத்திரையும் தேதியும் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சென்ற ஆண்டு அறிக்கை போய்விட்டது என்றால், விடுபட்டதைத் திருத்தப் பட்டியலிலோ அடுத்த அறிக்கையிலோ சேர்க்கும்படி கேளுங்கள். தயங்காதீர்கள். அந்த அலுவலகத்தில் இருப்பவர்களுக்கும் உங்கள் பதக்கம் வேண்டும், அவர்களுடைய மதிப்பெண்ணும் அதில் இருக்கிறது.

உங்களோடு ஓடிய மற்ற பிள்ளைகளின் சான்றிதழ்களையும் கேட்டு வாங்கி ஒரே கடிதமாகக் கொடுங்கள். அசல் சான்றிதழை மட்டும் யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். அது அம்மாவின் பெட்டியிலேயே இருக்கட்டும்.