பெட்டை என்று வாங்கினேன், முட்டை வரவில்லை

கேள்வி: பட்டர்வொர்த்தில் தரைவீட்டில் இருக்கிறோம். பறவை விற்கும் ஒருவரிடம், ‘எல்லாமே முட்டையிடும் பெட்டை’ என்று அவர் சொன்னதை நம்பிப் பத்துக் காடைகள் வாங்கினேன். மூன்று வாரமாகக் கோழித் தீனிதான் போடுகிறேன். நாளுக்கு இரண்டு முட்டை கிடைத்தாலே பெரிது. நான்கு காடைகளுக்கு முதுகில் இறகே இல்லை. தீனியில் குறையா, நான் ஏமாந்துவிட்டேனா?

பதில்: முதுகு வழுக்கை என்றதும் எனக்குச் சேவல்மேல்தான் சந்தேகம். சேவல் அதிகமானால் பெட்டைகளை ஓயாமல் மிதித்து இறகைப் பிடுங்கிவிடும். நெஞ்சைப் பாருங்கள். செம்பழுப்பாக, புள்ளியில்லாமல் இருந்தால் சேவல். வெளிறிய நிறத்தில் கரும்புள்ளிகள் இருந்தால் பெட்டை. (வெள்ளைக் காடையில் இந்த அடையாளம் தெரியாது.) மூன்று நான்கு பெட்டைக்கு ஒரு சேவல் போதும். முட்டை சாப்பிட மட்டும்தான் என்றால் சேவலே தேவையில்லை. இன்றைக்கே பிரித்து வையுங்கள், பாவம் அந்தப் பெட்டைகள்.

சரி, தீனிக்கு வருவோம். முட்டைக் கோழித் தீனியில் புரதம் பொதுவாக 16 முதல் 18 விழுக்காடுதான். முட்டையிடும் காடைக்கு 20 விழுக்காடாவது வேண்டும், கால்சியமும் வேண்டும். தீனிக் கடையில் ‘டெடாக் புயூ’ (மலாயில் காடைத் தீனி) என்று கேளுங்கள். மூட்டையில் ஒட்டிய சீட்டில் புரத அளவையும் தேதியையும் படித்துவிட்டு வாங்குங்கள். பிளாஸ்டிக் பையில் பிரித்துக் கட்டி விற்பதில் இந்த இரண்டுமே இருக்காது.

50 கிலோ மூட்டை மலிவு என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு காடை நாளுக்கு 20 முதல் 25 கிராம் தின்னும். பத்துக்கு மாதம் ஆறு முதல் ஏழரைக் கிலோ. அந்த மூட்டை தீர அரை வருடத்துக்கு மேலாகும். நம் ஊர் ஈரத்தில் அதற்குள் பூஞ்சணம் பிடித்துவிடும், அது பறவையின் ஈரலைக் கெடுக்கும். ஒரு மாதத்துக்கு ஆவதை மட்டும் வாங்கி, மூடி போட்ட வாளியில் வையுங்கள்.

பலர் மறப்பது வெளிச்சம். இங்கே பகல் வருடம் முழுக்க 12 மணி நேரம்தான். காடை நன்றாக முட்டையிட 14 முதல் 16 மணி நேரம் வேண்டும். பொழுது சாய்ந்ததும் ஒரு சின்ன விளக்கை மூன்று மணி நேரம் எரியவிடுங்கள். அப்புறம், கூட்டைக் கோழிகளுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். கோழியின் நோய் காடைக்கு எளிதில் தொற்றும்.

விற்றவர் விஷயம்: சேவல் பாதி இருந்தால் அவர் சொன்னது பொய்தான். மலேசியாவின் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்கும் பொருள் சொன்ன விவரத்துக்கு ஒத்திருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் ‘எல்லாம் பெட்டை’ என்று எழுதியிருந்தால் அழிக்காதீர்கள். நெஞ்சு தெரியும்படி ஒவ்வொன்றையும் படமெடுத்து அனுப்பி, மாற்றித் தரவோ பணத்தைத் திருப்பவோ கேளுங்கள். மசியவில்லை என்றால், விற்பனையைத் தொழிலாகச் செய்பவர்மேல் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் நீங்களே மனு கொடுக்கலாம். கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் வேண்டாம்.