விண்டோஸ் 10-இலிருந்து 11-க்கு மாறியபோது உங்களை அதிகம் எரிச்சல்படுத்தியது எது? பழைய கணினி வைத்திருப்பவர்கள் மாறலாமா?

கேள்வி கேட்டவர், "ஸ்டார்ட் பொத்தான் நடுவில் வந்துவிட்டது என்பதைத் தவிர வேறு ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்" என்றும் சேர்த்திருக்கிறார். அந்தப் பொத்தானை இடது ஓரத்துக்கு நகர்த்த அரை நிமிடம் ஆகும். அதற்கே இத்தனை பேர் இத்தனை நாள் புலம்பினார்கள் என்றால், அவர்கள் கணினியை வைத்துப் பிழைப்பு நடத்தாதவர்கள் என்றுதான் நினைத்துக்கொள்கிறேன். நான் நடத்துகிறேன்.

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையில் 2003-ஆம் ஆண்டிலிருந்து டிடிபி, ஜெராக்ஸ் கடை. கல்யாண அழைப்பிதழ், கோயில் கொடை நோட்டீஸ், அன்பியக் கூட்டத்துக்கான பாட்டுத்தாள், நீதிமன்றத்துக்குப் போகும் மனு, கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி என்று எல்லாம் வரும். கடையில் நானும், தமிழ்த் தட்டச்சில் ஹையர் தேறிய அக்கா ஒருவரும். கணினிகள் இரண்டு. ஒன்று 2014-இல் வாங்கியது, மற்றொன்று 2019-இல் வாங்கியது.

2015 ஜூலையில் வெளிவந்த விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14-உடன் முடிவடையும் என்ற அறிவிப்பு, அதற்கு முந்தைய ஆண்டிலிருந்தே திரையில் வந்துகொண்டிருந்தது. வீட்டுக் கணினியாக இருந்தால் தள்ளிப்போட்டிருப்பேன். என் கடையில் ஒரு நாளைக்கு முப்பது பேருடைய பென்டிரைவ் செருகப்படுகிறது. அதே கணினியில்தான் ஆதார் நகலும், மின்கட்டணமும். எந்தப் பென்டிரைவில் என்ன இருக்கிறது என்று செருகிய பிறகுதான் தெரியும். எனவே மாறியாக வேண்டும்.

2014 கணினி வாசலிலேயே நின்றுவிட்டது. விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி நினைவகமும் 64 ஜிபி இடமும் போதும், அது பெரிய விஷயமில்லை. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் செயலி என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையதாக இருக்க வேண்டும். என்னுடையது நான்காம் தலைமுறை. சரி, அது கிடக்கட்டும்.

2019 கணினி எட்டாம் தலைமுறை. ஆனாலும் சோதனை செய்து பார்க்கும் நிரல் "தகுதி இல்லை" என்றது. அரை நாள் அந்தச் சொல்லைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பொறியியல் படிக்கும் பக்கத்து வீட்டுப் பையன் வந்து, விண்டோஸ் தொடங்கும் முன்பே திறக்கும் பயாஸ் என்ற அமைப்புப் பக்கத்துக்குள் போய், "மாமா, சில்லு உள்ளேயேதான் இருக்கிறது. அணைத்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்" என்றான். இன்டெல் பலகைகளில் அது பிடிடி என்ற பெயரில் ஒளிந்திருக்கும். டிபிஎம் என்று தேடினால் கண்ணில் படாமல் போகலாம்.

அடுத்து அவன் கேட்ட கேள்விக்குத்தான் என்னால் முகம் கொடுக்க முடியவில்லை. "எட்டு ஜிபி நினைவகம் போட்டுவிட்டு ஏன் 32-பிட் விண்டோஸ் வைத்திருக்கிறீர்கள்? பாதி நினைவகம் சும்மா அல்லவா கிடக்கிறது?" 32-பிட் என்பது பழைய வகை விண்டோஸ், நாலு ஜிபிக்கு மேல் நினைவகத்தைத் தொடாது; 64-பிட் புது வகை. நான்தான் பழையதைக் கேட்டு வாங்கினேன். கடை திறந்த ஆண்டு வாங்கிய தமிழ்த் தட்டச்சு மென்பொருளோடு ஒரு பூட்டு கொடுத்திருந்தார்கள். கணினியில் செருகினால்தான் மென்பொருள் திறக்கும். அந்தப் பூட்டை விண்டோஸோடு பேச வைக்கும் டிரைவர் என்ற நிரல் 32-பிட் மட்டும். 32-பிட் டிரைவர் 64-பிட் விண்டோஸில் ஏறாது. மென்பொருளைச் செய்தவர்களோ தொழிலையே விட்டுவிட்டார்கள். ஆகவே, புதுக் கணினியை வாங்கி, ஒரு பழைய பூட்டுக்காக அதன் பாதிக் கண்ணைக் கட்டி வைத்திருந்தேன். ஆறு வருடம் அது குறையாகத் தெரியவில்லை. விண்டோஸ் 11 64-பிட்டில் மட்டும்தான் வருகிறது. 32-பிட்டிலிருந்து அதற்கு நேரடியாக மேம்படுத்தவும் முடியாது. வட்டை அழித்துவிட்டுப் புதிதாகத்தான் நிறுவ வேண்டும்.

ஐப்பசி பிறந்த பின் வந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்தேன். எங்கள் பக்கத்து ஐப்பசி மழையைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: காலையில் வெயில் அடிக்கும், மூன்று மணிக்கு வேளிமலைப் பக்கம் கறுக்கும், நாலு மணிக்கு இடி. மின்சாரம் போகும். இடி நெருங்கினால் எல்லோரும் முதலில் செய்வது இணைய வயரைப் பிடுங்குவதுதான். ஏற்கெனவே இரண்டு மோடம்களைப் பறிகொடுத்தவன் நான். அன்றும் பிடுங்கினேன். நிறுவல் பாதி தாண்டி, பெயர் கேட்கும் கட்டத்துக்கு வந்து, இணையம் இல்லாமல் மேலே போக மாட்டேன் என்று நின்றுகொண்டது. இணையம் கொடுத்து, ஒரு மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால்தான் அடுத்த பக்கம். வெளியே இடி வயரைப் பிடுங்கு என்கிறது, உள்ளே திரை வயரைச் செருகு என்கிறது. யூபிஎஸ் பாட்டரி பத்து நிமிடம்தான் தாங்கும். கடைசியில் கைப்பேசியை யூஎஸ்பி வயரில் மாட்டி, அதிலிருந்து இணையம் கொடுத்து ஒப்பேற்றினேன். ஞாயிற்றுக்கிழமை இவ்வளவுதான். அன்றைக்கு எரிச்சல் என்று எதையும் சொல்ல மாட்டேன். எதிர்த்த கடையிலிருந்து ஏத்தன்பழ பஜ்ஜி வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன்.

திங்கட்கிழமை காலையில் வக்கீல் குமாஸ்தா ஒருவர் வந்தார். போன வாரம் அடித்து வைத்த மனுவில் தேதியை மட்டும் மாற்றி அச்செடுக்க வேண்டும். திறந்தால், சரியாக இரண்டு பக்கத்தில் முடிந்திருந்த மனு மூன்றாம் பக்கத்தில் நாலு வரி போய் நிற்கிறது. எழுத்தும் வேறு மாதிரி இருந்தது. காரணம் லதா. விண்டோஸ் 2000 காலத்திலிருந்து நாமெல்லாம் யோசிக்காமல் பயன்படுத்திய அந்த எழுத்துரு, விண்டோஸ் 10 முதல் விருப்ப அம்சமாக ஒதுக்கி வைக்கப்பட்டுவிட்டது. புதிதாக நிறுவினால் கூடவே வராது. நிர்மலா என்ற எழுத்துரு அதன் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். அகலம் வேறு, வரி வேறு, பக்கம் வேறு. மொழிப் பட்டியலில் தமிழைச் சேர்த்தால் லதாவும் விஜயாவும் பொதுவாகத் தாமாகவே இறங்கிவிடும். நான் சேர்க்கவில்லை. நமக்குத்தான் தனி மென்பொருள் இருக்கிறதே என்ற மிதப்பு. அமைப்புகளில் விருப்ப அம்சங்கள் என்ற பகுதிக்குப் போனால் தமிழுக்கான துணை எழுத்துருக்கள் என்று இருக்கும், அதைச் சேர்த்தேன். மலையாளத்துக்கும் அப்படியே செய்ய வேண்டியிருந்தது. இந்த மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்தது. பழைய ஆவணங்கள் மலையாளத்தில் வரும், அதில் நாலு வரியை அப்படியே அடித்துக் கொடுக்கச் சொல்வார்கள். கார்த்திகா எழுத்துருவும் அதே விருப்பப் பட்டியலில்தான் ஒளிந்திருக்கிறது. குமாஸ்தா இருபது நிமிடம் நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிரிண்டர் பற்றி எல்லோரும் பயமுறுத்தியிருந்தார்கள். பதினைந்து வருடப் பழைய லேசர் பிரிண்டர், விண்டோஸ் 7 காலத்து 64-பிட் டிரைவரை வைத்தே ஓடிவிட்டது. ஒரே தொல்லை, கடைசியாகப் பயன்படுத்திய பிரிண்டரை விண்டோஸே இயல்பு பிரிண்டராக மாற்றிக்கொள்வது. ஒரு வண்ணப் புகைப்படம் எடுத்துவிட்டு அடுத்து மனுவுக்கு அச்சுக் கொடுத்தால், விலை கூடிய புகைப்படத் தாளில் மனு வரும். இரண்டு முறை வந்தது. பிரிண்டர் அமைப்புகளில் அந்தத் தேர்வை அணைத்துவிடுங்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அக்கா.

அக்கா பழைய தட்டச்சு இயந்திர முறையில் அடிப்பவர். அந்த முறையில் கண்ணுக்குத் தெரியும் வரிசையில்தான் விரல் போகும். "கொ" என்றால் முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். இன்றைய கணினிகள் எழுத்துகளைச் சேமிக்கும் பொது முறையான யூனிகோடு அப்படி வைத்துக்கொள்வதில்லை; அதில் எழுத்து முதலில், குறி பிறகு. பூட்டுப் போட்ட பழைய மென்பொருள் போனதும், விண்டோஸில் இருந்த, இந்திய மொழிகளுக்குப் பொதுவான இன்ஸ்கிரிப்ட் விசைப்பலகையைச் சேர்த்துக் கொடுத்தேன். முதல் வரியிலேயே கூப்பிட்டார். "தம்பி, இங்கே வந்து பாருங்கள். கொம்பு மட்டும் தனியாக நிற்கிறது. பக்கத்தில் புள்ளி புள்ளியாக ஒரு வட்டம்." தன் எழுத்தைத் தேடி நிற்கும் குறிக்கு விண்டோஸ் போடும் வெற்று வட்டம் அது. சரி, தமிழ்99 பார்ப்போம் என்றேன். இடது கையில் உயிர், வலது கையில் மெய். க இரண்டு முறை அடித்தால் புள்ளி தானே விழுந்து "க்க" ஆகிவிடும். அருமையான அமைப்பு. சென்னையில் 1999-இல் நடந்த மாநாட்டைத் தொடர்ந்து தமிழக அரசு அதைத் தர விசைப்பலகையாக அறிவித்தது. அதாவது நான் கடை திறப்பதற்கு நான்கு வருடம் முன்பே. யூனிகோடைத் தரமாக அறிவித்தது 2010-இல். எனக்கு எத்தனை வருடம் அவகாசம் இருந்தது என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். புதிதாகப் படிக்கிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு தமிழ்99 படிக்கலாம். ஆனால் இருபத்தைந்து வருடம் ஒரே தடத்தில் ஓடிய விரல்களிடம் போய், இனி உயிரெல்லாம் இடது பக்கம் என்று சொல்வது எப்படி? அக்கா அன்றைக்கு ஒரு பக்கம் அடிக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. தேநீர் கொடுத்தேன். குடிக்கவில்லை.

மூன்று நாள் கழித்து வழி கிடைத்தது. பழைய தட்டச்சு முறையிலேயே விரலை ஓடவிட்டு, உள்ளே யூனிகோடாக வரிசை மாற்றிக்கொள்ளும் இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. என்எச்எம் ரைட்டர் அதில் ஒன்று. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்திலும் இலவச யூனிகோடு எழுத்துருக்களும் விசைப்பலகை இயக்கிகளும் கிடைக்கும். அக்கா மறுபடியும் நிமிர்ந்து உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

மிச்சம் இருப்பது பழைய கோப்புகள். ஏழாயிரத்துக்கு மேல். அந்தக் கால எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்தை உட்கார வைத்தவை. எழுத்துருவை மட்டும் நகலெடுத்துப் போட்டால் விண்டோஸ் 11-இலும் திறந்து பார்க்கலாம், அச்செடுக்கலாம்; அதில் குறையில்லை. யூனிகோடுக்கு மாற்றப் போனால்தான் வேடிக்கை. மாற்றும் நிரலுக்கு எது ஆங்கிலம், எது தமிழ் என்று தெரியாது. நடுவில் ஆங்கிலத்தில் கிடக்கும் பட்டங்களையும், முன்னெழுத்துகளையும், மின்னஞ்சல் முகவரிகளையும் சேர்த்துத் தமிழாக்கிவிடும். ஒரு கல்யாண அழைப்பிதழில் மணமகனின் பட்டம் வாயில் நுழையாத ஐந்து எழுத்தாக மாறியிருந்தது. நல்ல வேளை, பெண் வீட்டாருக்கு முன் நான் பார்த்துவிட்டேன். இப்போது எல்லாவற்றையும் மாற்றுவதில்லை. எந்தக் கோப்பு மறுபடி தேவைப்படுகிறதோ அதை மட்டும் மாற்றி, எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்க்கிறேன்.

இடையில் ஒரு சபையின் கணக்கர் வந்தார். சந்தாக் கணக்கு, விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்து ஃபாக்ஸ்புரோ என்ற மென்பொருளில் இருக்கிறது. என்னுடைய 32-பிட் விண்டோஸில் அதுவரை ஓடிக்கொண்டிருந்தது. 64-பிட் விண்டோஸ் அந்தக் காலத்து 16-பிட் நிரல்களைத் தொடாது. டாஸ்பாக்ஸ் என்ற இலவச நிரலுக்குள் வைத்தால் ஓடுகிறது.

என் கடைக்கு நடக்காத, ஆனால் உங்களுக்கு நடக்கக்கூடிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தங்கை மகனுக்கு வாங்கிய புது மடிக்கணினியில் பயாஸை மாற்றிய பிறகு, 48 இலக்க மீட்புக் குறியீடு கேட்டு நின்றுவிட்டது. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பை ஒரு கணக்கில் நுழைந்து புதிதாக நிறுவினால், வட்டு தானாகவே பூட்டப்பட்டுவிடும். அதன் சாவியான அந்த 48 இலக்க எண் அந்தக் கணக்கில் சேமிக்கப்படும். மடிக்கணினியை விற்ற கடைப் பையன், அந்தக் கணக்கைத் தன் வசதிக்கு ஏதோ ஒரு மின்னஞ்சலில் தொடங்கியிருக்கிறான். அவன் இப்போது வளைகுடாவில். அவனை வாட்ஸ்அப்பில் தேடிப்பிடித்து, கடவுச்சொல்லை நினைவுபடுத்தி, சாவியை வாங்க எட்டு நாள் ஆயிற்று. உங்கள் கணினி யாருடைய கணக்கில் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். அந்த எண்ணைத் தாளில் அச்செடுத்து ரேஷன் அட்டையோடு வையுங்கள்.

பழைய கணினிக்காரர்கள் மாறலாமா என்ற கேள்விக்கு: உடனே வேண்டாம். விண்டோஸ் 10-இன் 22எச்2 பதிப்பு இருந்தால், நீட்டித்த பாதுகாப்புப் புதுப்பிப்புகளில் பதிவு செய்துகொள்ளலாம். 2026 அக்டோபர் 13 வரை வரும் என்று அறிவித்திருக்கிறார்கள். 30 டாலர் கட்டலாம், அல்லது அமைப்புகளை இணையத்தில் காப்புப்படி எடுக்க ஒப்புக்கொண்டால் இலவசம். அதற்கும் கணக்கு வேண்டும். அந்த அவகாசத்தில், உங்கள் கணினியைப் பார்க்காதீர்கள். அதில் என்னென்ன தொங்குகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். எந்தப் பிரிண்டர், எந்த எழுத்துரு, எந்தப் பூட்டு, யாருடைய விரல்.

என் 2014 கணினியில் இணைய வயரைக் கழற்றிவிட்டேன். பழைய விண்டோஸ், பழைய பூட்டு, பழைய மென்பொருள், எல்லாம் அதில் அப்படியே இருக்கிறது. அக்கா இப்போது புதியதில்தான் உட்காருகிறார். ஆனால் கண்ணீர் அஞ்சலி என்று யாராவது வந்து நின்றால் எழுந்து பழையதற்குப் போய்விடுகிறார். "அரை மணி நேரத்தில் கேட்கிறார்கள் தம்பி. இதில் போய் எழுத்துத் தேட முடியாது" என்பார். நான் பென்டிரைவை எடுத்து நீட்டுவேன்.